நட்சத்திரப் புள்ளிகளும் கடைசி வாங்குப் பிள்ளையும்

புலமைப்பரிசில் பரீட்சை முடிவுகள் வெளியாகும் வாரத்தில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரப் பெருந்தெருவிலே பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். சந்திக்குச் சந்தி பதாகைகள் தொங்கும். பத்து வயதுப் பாலகரின் படம், அதன் கீழே அவர் பெற்ற புள்ளி, அதற்குங் கீழே வாழ்த்துவோரின் பெயர். வாழ்த்துவோரின் பெயர் பிள்ளையின் பெயரிலும் பெரிய எழுத்தில் அமைந்திருப்பதும் உண்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைகளுக்குப் பதாகை இல்லை. தொகையால் மிகுந்தவர்கள் அவர்களே. மறுநாட் காலை அதே தெருவால், அதே பதாகைகளின் கீழே, அவர்களும் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள்.

இந்தப் பதாகைப் பண்பாட்டைப் பற்றி இம்மலரின் வாசகர்க்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. நம்மிற் பலர் அதன் கீழே நடந்தவர்கள். சிலர் அதன் மேலே தொங்கியவர்கள். நான் இங்கு எடுத்துக்கொண்டது, அதே பண்பாடு அண்மைக் காலத்தில் அணிந்துவரும் புதிய ஆடையைப் பற்றி. ‘விளையாட்டுமயக் கல்வி’ என்பது அதன் பெயர். பிள்ளை கணனித்திரையில் ஒரு கணக்கைச் செய்தால் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு பொற்காசு. பொற்காசு மிகுந்தவரின் பெயர் திரையின் உச்சியிலே. இதனை எமது பாடசாலைகளுக்குக் கொண்டுவரும் விற்பனையாளரும், அவரை அழைத்துவரும் பழைய மாணவர் சங்கத்தாரும், வளைகுடா நாடுகளில் உழைத்துப் பணம் அனுப்பும் நல்ல மனத்தினரும் தம் கட்சிக்குச் சான்றாக ஒன்றைத் தவறாது சொல்கின்றனர்: ‘நோபல் பரிசு பெற்ற பொருளியல் பேராசிரியரே ஆராய்ந்து காட்டிய உண்மை இது.’

சான்று சொல்பவர் சான்றை வாசித்திருக்க வேண்டும் என்ற பழைய ஒழுங்கை நாம் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. ஆகவே வாசித்துப் பார்ப்போம்.

அதற்குமுன் நான் கண்டதொன்று. சென்ற ஆண்டு கரையோர ஊரொன்றிலே புதிதாகத் திறக்கப்பட்ட திறன் வகுப்பறையைப் பார்க்குமாறு என்னை அழைத்திருந்தார்கள். ஊரின் பெயரும் பாடசாலையின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. நான்காந் தரப் பிள்ளைகள் கழித்தற் கணக்கு விளையாடினர். திரையிலே பெயர்கள் மேலும் கீழும் ஏறி இறங்கின, பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர், வந்திருந்த விருந்தினரும் கைதட்டினர். ஒரு பெயர் மட்டும் அடியிலிருந்து அசையவேயில்லை. அந்தப் பெயருக்குரிய சிறுவன் கடைசி வாங்கிலே அமர்ந்து, கையிலிருந்த கருவியைத் தொடாமல் சிரித்துக்கொண்டிருந்தான். விழா முடிந்தபின் அருகே போய்ப் பேசினேன். “வாப்பாட மீன் கணக்கெல்லாம் நான்தான் சேர் பாக்கிற” என்றான். சோதித்தேன். கிலோ இன்ன விலையானால் முக்காற் கிலோவுக்கு எவ்வளவு, ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். நான் மனத்துள் கணக்கிட்டு முடிக்குமுன் அவன் விடை சொல்லிவிட்டான். அதே கழித்தலைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது எழுதுகோலை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

அவனை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பேராசிரியரிடம் போவோம்.

எஸ்தர் டுஃப்லோ 1972இல் பாரிசிலே பிறந்தவர். வரலாறும் பொருளியலும் கற்றவர். 1999இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானவர். அவருடைய முதல் ஆய்வே கல்வியைப் பற்றியது. இந்தோனேசிய அரசு எண்ணெய்ப் பணத்தைக் கொண்டு 1973 முதல் 1978 வரை அறுபத்தோராயிரத்துக்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளைக் கட்டியது. அப்பாடசாலைகளால் பிள்ளைகள் எத்தனை ஆண்டு கூடுதலாகக் கற்றனர், வளர்ந்தபின் அவர்தம் ஊதியம் எவ்வளவு உயர்ந்தது என்பதை அவர் கணித்துக் காட்டினார். 2003இல் அபிஜித் பானர்ஜி, செந்தில் முல்லைநாதன் ஆகியோருடன் சேர்ந்து வறுமை ஒழிப்புக்கான ஆய்வுகூடமொன்றை நிறுவினார். மருந்துகளைச் சோதிப்பதுபோல, ஒரு திட்டத்தை எழுமாறாகத் தெரிந்த சில பாடசாலைகளுக்குக் கொடுத்து, ஏனையவற்றுக்குக் கொடாது வைத்து, இரண்டையும் ஒப்பிடும் முறையே அவர்களது கருவி. 2019இல் பானர்ஜியோடும் மைக்கல் கிரெமரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பொருளியலில் அப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

அவரும் துணைவரும் கணனி விளையாட்டை ஆராய்ந்தது குஜராத்தின் வதோதரா நகரத்திலே. கதை நமக்கு மிகவும் பழக்கமானது. 2000ஆம் ஆண்டில் மாநில அரசு அந்நகரத்தின் மாநகராட்சிப் பாடசாலைகள் நூற்றுக்கும் நான்கு நான்கு கணனிகள் வழங்கிற்று. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது அவற்றைப் பயன்படுத்திய பாடசாலைகள் மிகச் சிலவே. (கணனி அறையின் திறப்பு அதிபரின் மேசை இலாச்சியில் உறங்கும் வழக்கம் நம்முடையது மட்டுமன்று என்பதில் ஓர் ஆறுதல்.) பிரதம் என்னும் கல்வித் தொண்டு நிறுவனம் அக்கணனிகளை வெளியே எடுத்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராய் அமர்த்தி, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் கணித விளையாட்டு விளையாட விட்டது. பிள்ளை சரியாகச் செய்தால் அடுத்தது கடினமாகும், தவறினால் இலகுவாகும். பயன் கண்கூடு. கணிதப் புள்ளிகள் 0.47 நியமவிலகல் உயர்ந்தன. புள்ளிவிபரவியல் பயிலாதவர்க்குச் சொல்வதானால், நூறு பேரில் நடுவிலே நின்ற பிள்ளை ஏறத்தாழ முப்பத்திரண்டாம் இடத்துக்கு முன்னேறியதற்கு இது ஒப்பாகும். தரவரிசையைப் பழிக்க எழுந்த கட்டுரை தரவரிசையாலேயே விளக்கவேண்டி நேர்ந்தமையை வாசகர் பொறுத்துக்கொள்க.

விற்பனையாளர் இந்த இடத்திலேயே ஏட்டை மூடிவிடுகிறார். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மூன்று செய்திகள் உள்ளன. மூன்றும் அவருக்கு உவப்பானவையல்ல.

முதலாவது, 2007இல் வெளியான அதே ஆய்வறிக்கையில் இன்னொரு திட்டமும் அளக்கப்பட்டிருக்கிறது. மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகப் பிரித்து, அதே சுற்றாடலில் வாழும் இளம் பெண்ணொருத்தியிடம் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஒப்படைத்தார்கள். ‘பால்சகி’ என்பது அவளுக்குப் பெயர். பிள்ளையின் தோழி என்று பொருள். அவள் பயிற்றப்பட்ட ஆசிரியை அல்லள். உயர்நிலைப் படிப்பை முடித்தவள். இரண்டு வாரப் பயிற்சி பெற்றவள். அவளால் வந்த உயர்வு 0.28. கணனியைவிடக் குறைவுதான். ஆயின் கணனிக்குப் பிள்ளையொன்றுக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 15 டொலர், அவளுக்கு 2.25 டொலர். செலவிட்ட பணத்துக்குப் பயன் பார்த்தால் கணனியை அவள் பல மடங்கு விஞ்சிவிட்டாள். அன்றியும் அவ்வுயர்வின் பெரும்பகுதி வகுப்பின் அடியிலிருந்த பிள்ளைகளுக்கே சென்றது.

இரண்டாவது, இரு திட்டங்களும் நின்று ஓராண்டு கழிந்தபின் அளந்தபோது அந்த உயர்வு 0.10 அளவுக்குத் தேய்ந்திருந்தது. பரிசளிப்பு விழாவுக்கு வந்த அரசியலாளரின் வாக்குறுதியைப் போல என்று எழுத எண்ணினேன். அவ்வாறன்று, இது ஓராண்டு வரையாவது நின்றது.

மூன்றாவதையே நம்மவர் அறவே கவனிப்பதில்லை. வதோதராவின் விளையாட்டைப் பயனுடையதாக்கியது போட்டி அன்று. பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கியமையே அதன் சிறப்பு. எமது திறன் வகுப்பறையின் திரையில் ஓடியது வேறு சரக்கு: எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே மணி, ஒரே ஏணி. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றெனக் கொள்வது கரும்பென்று மூங்கிலைக் கடிப்பதாகும்.

போட்டியையும் சேர்த்துச் செய்தால் என்னாகும் என்பதற்கும் விடை உண்டு. தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலே வறிய பகுதிப் பாடசாலைகள் 24இல் நான்காந் தரத்தில் அவ்வாறு செய்து பார்த்தார்கள். 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கணிதம் 0.27 உயர்ந்தது, மொழிப்பாடம் அசையவில்லை. அத்தோடு அறிக்கை நின்றிருந்தால் விற்பனையாளர் மகிழ்ந்திருப்பார். ஆனால் அவ்வாய்வாளர் பிள்ளைகளின் மனத்தையும் விசாரித்தனர். கணிதத்தைப் பற்றிய அச்சம் கூடியிருந்தது. மற்றவரோடு சேர்ந்து வேலை செய்யும் விருப்பம் குறைந்திருந்தது. வட்டையிலே ஒரு வாய்க்கால் நீரைப் பலர் பகிர்ந்து வேளாண்மை செய்யும் மக்களும், கரைவலையைப் பலர் கூடி இழுத்துப் பங்கு பிரிக்கும் மக்களும், தம் பிள்ளைகளுக்குக் கூடி உழைக்க மனமில்லாமற் செய்யும் பொறியைக் கடன்பட்டு வாங்குகிறார்கள் என்றால் அதை என்னவென்பது?

‘விளையாட்டே வேண்டாம் என்கிறாயா?’ என்று கேட்பார் உளர். நான் விளையாட்டின் எதிரியல்லன். கொக்கான் வெட்டியும் கிளித்தட்டு மறித்தும் வளர்ந்த தலைமுறையின் கடைசிக் கொழுந்து நான். கொக்கானிலே எண்ணிக்கை உண்டு, கைத்திட்பம் உண்டு, தோல்வியும் உண்டு. ஆயின் தோற்றவளின் பெயரை யாரும் சுவரில் எழுதி வைப்பதில்லை. மறு ஆட்டத்தில் அவள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். நட்சத்திரம் கொடுப்பதனாலே பாடம் விளையாட்டாகிவிடாது. விளையாட்டுப் போல் உடுத்த பரீட்சை, பரீட்சைதான்.

விளையாட்டு உண்மையாகவே விளையாட்டாயிருந்தாலும் அதற்கோர் எல்லை உண்டென்பதை டுஃப்லோவே காட்டியிருக்கிறார். அவரும், சிறுபிள்ளைகளின் அறிவாற்றலை ஆராயும் எலிசபெத் ஸ்பெல்கி முதலானோரும் டில்லியிலே பிரதம் நிறுவனத்தின் 214 பாலர் பாடசாலைகளில் ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். 2017இல் அது வெளிவந்தது. நான்கு மாதம் பிள்ளைகள் கூடியிருந்து விளையாடினர். எந்தக் கூட்டத்திற் புள்ளிகள் அதிகம், எந்த உருவம் மற்றவற்றோடு ஒவ்வாதது என்று கண்டறியும் விளையாட்டுகள் அவை. அளவையும் வடிவையும் உணரும் ஆற்றல் பிள்ளைகளிடம் வளர்ந்தது. ஓராண்டு கடந்தும் நிலைத்தது. அப்பிள்ளைகள் ஆரம்பப் பாடசாலைக்குச் சென்று எண்ணும் குறியுமாகக் கணிதம் கற்கத் தொடங்கியபோதோ, விளையாடாத பிள்ளைகளைவிட அவர்கள் ஒரு விரற்கடையும் முன்னே நிற்கவில்லை. இத்தோல்வியை அவர்கள் மறைக்கவில்லை. தலைப்பிலேயே சொல்லி அச்சிட்டனர். நம்மூர்த் திட்டங்களில் எதற்காவது தோல்வி அறிக்கை உண்டா? திறப்பு விழாவின் படம் உண்டு; மூடியதற்குப் படமில்லை.

இனி, என்னுடைய கடைசி வாங்குச் சிறுவன். 2025இல் பானர்ஜி, டுஃப்லோ, ஸ்பெல்கி முதலானோர் வெளியிட்ட ஆய்வு, அவனைப் பார்த்தே எழுதியது போலிருக்கிறது. கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைகளில் வேலைசெய்யும் பிள்ளைகள் 1,436 பேரைச் சோதித்தார்கள். விலை, நிறை, மிச்சப் பணம் ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் மனத்தாலேயே கணக்கிட்டனர். அதே கணக்கைப் பாடநூல் வடிவில் கொடுத்தபோது தடுமாறினர். பின்பு 471 பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தனர். பாடநூற் கணக்கில் இவர்கள் தேறினர். சந்தைக் கணக்கொன்றைக் கொடுத்தபோது, வேலைசெய்யும் பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் சரியாகச் செய்த அக்கணக்கை, பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவரே செய்தனர்.

ஆக, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பாதி கற்றவர்களே. ஒரு கரைக்கும் மறு கரைக்கும் நடுவே பாலமில்லை. பாலம் போடவேண்டியது பாடசாலை. கல்முனைச் சந்தையில் மீன் நிறுக்கும் பிள்ளையினதும், மருதமுனையில் தறியருகே இழை எண்ணிப் பழகிய பிள்ளையினதும், நிந்தவூரில் நெல் அளக்கும் இடத்தில் நிற்கும் பிள்ளையினதும் தலைக்குள் இருக்கும் கணிதத்தை எழுத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே எமது கல்வியாளரின் கேள்வியாயிருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் திரையை வாங்குவது என்பதன்று. பிள்ளையை மீன்வாடிக்கு அனுப்பு என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். அனுப்புவது வறுமை. அங்கே அவன் பெற்றுவரும் அறிவைப் பாடசாலை அறிவென்றே ஒப்புக்கொள்வதில்லை என்பதே என் குறை.

டுஃப்லோவிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. எழுமாற்றுப் பரிசோதனை, எந்த மருந்து கேட்கிறது என்று சொல்லும். நோய் எவ்வாறு வந்தது என்று சொல்லாது. நான்காம் வகுப்பு வரை வந்த பிள்ளைக்கு ஏன் வாசிக்கத் தெரியவில்லை? வகுப்பை முடித்துவிடு, பாடத்திட்டத்தை ஓட்டிவிடு, தேறக்கூடிய ஐந்து பேரைக் கவனி என்று ஆசிரியரை நெருக்குவது யார்? இந்தக் கரையின் பாடசாலைகள் போரையும், 2004 டிசம்பர் 26இன் கடற்கோளையும், பின்னர் கொள்ளைநோய்க் காலத்து மூடலையும், 2022இன் பொருளாதார வீழ்ச்சியையும் கடந்து வந்தவை. இவற்றை எந்த ஆய்வுகூடமும் எழுமாறாகப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. அளக்கக்கூடியதை மட்டும் அளந்தால் அளக்கமுடியாதது இல்லையென்றாகிவிடும். இவ்வளவையும் சொன்னபின்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் கால் நூற்றாண்டாக மீண்டும் மீண்டும் அளந்து கண்டது எமது பாட்டன்மார் அறிந்ததே.

மத்ரசாவில் ஓதிய எவரும் அதனை நினைவுகூரலாம். ஐம்பது பிள்ளைகள் பாயில் இருப்பர். ஒவ்வொருவரும் தத்தம் பாடத்தைத் தாமே உரத்து ஓதிக்கொண்டிருப்பர். லெப்பை ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் விட்ட இடத்திலிருந்து கேட்பார். தட்டுத்தடுமாறும் சிறியவனைப் பெரியவன் ஒருவனிடம் ஒப்படைப்பார். பிரம்பு இருந்தது என்பதை மறைக்கவில்லை. அதை நான் மீட்கச் சொல்லவுமில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டும் என்ற விசித்திரக் கட்டளை அங்கே இருந்ததில்லை. ‘பிள்ளையின் தரத்திலிருந்து கற்பித்தல்’ என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இதுவன்றி வேறென்ன?

புலமைப்பரிசில் என்னும் சொல்லின் கதையையும் இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். ஏ. எம். ஏ. அசீஸ் 1942இல் போர்க்கால உணவு உற்பத்திப் பணிக்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வயல்களை மட்டும் பார்த்துவிட்டு அவர் போயிருக்கலாம். வயலுக்கருகே நின்ற பிள்ளைகளையும் பார்த்தார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்தது. சகாயம் என்ற சொல்லைக் கவனியுங்கள். வறிய பிள்ளை படிப்பை விடாதிருக்கக் கொடுப்பது சகாயம். கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில் கிராமத்துப் பிள்ளையை மத்திய கல்லூரிக்கு ஏற்றிவிட எழுந்த புலமைப்பரிசிலும் அந்த எண்ணத்திற் பிறந்ததே. உதவியாகப் பிறந்தது பரிசாக வளர்ந்து பந்தயமாகக் கிழடு தட்டிவிட்டது. வறிய பிள்ளைக்குக் கைகொடுக்க வந்த பரீட்சைக்கு இன்று பணமுள்ளவன் பிள்ளை மூன்று ரியூசன் வகுப்புக்குப் போய் ஆயத்தஞ் செய்கிறான். அந்தப் பந்தயத்துக்கு நட்சத்திரமும் பொற்காசும் பூட்டுவதையே முன்னேற்றம் என்கிறார்கள்.

செய்யத்தக்கது என்ன? க.பொ.த. உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமலோ, போக விடப்படாமலோ, வீட்டிலிருக்கும் இளம் பெண்கள் எமது ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர்? அவர்களே எமது பால்சகிகள். நம் பிள்ளைகளின் நாவிலே ‘ராத்தா’. ஒரு ராத்தாவிடம் பதினைந்து பிள்ளைகள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம், முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தலும் நான்கு கணிதச் செய்கைகளும். அவளுக்கு மாதந்தோறும் ஒழுங்கான கொடுப்பனவு வேண்டும். ‘சேவை’ என்று சொல்லிப் பெண்களின் உழைப்பை இலவசமாகப் பெறும் பழக்கத்தை இதிலும் தொடரக்கூடாது. இது கனவன்று. கொள்ளைநோய்க் காலத்தில் ஏறக்குறைய பதினெட்டு மாதம் பாடசாலைகள் மூடிக்கிடந்த தமிழ்நாட்டிலே 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற பெயரில் இதையொத்த மாலை வகுப்புகளை அரசே தொடங்கியது. கற்பித்த தன்னார்வலரில் மிகப்பெரும்பாலோர் பெண்களே. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர் அதனை அளந்தனர். இழந்த கல்வியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது. மீண்டதில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு அம்மாலை வகுப்புகளால் வந்தது.

‘பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போய்ப் படிப்பிப்பதா?’ என்று பள்ளிவாசல் முன்றலில் ஒரு குரல் எழும். வீட்டுக்கு வீடு போகவேண்டியதில்லை. மாலை இரண்டு மணிக்குப்பின் வெறுமையாய்க் கிடக்கும் வகுப்பறைகள் ஊர்தோறும் உள்ளன. திறன் வகுப்பறையும் இருக்கட்டும். திரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெயர்ப்பட்டியலை அணைத்துவிட்டு, இருவருக்கொரு கருவி கொடுத்து, அவரவர் படியிலிருந்து தொடங்கவிட்டால் வதோதராவிற் கண்ட பயன் இங்கும் வரலாம். அதை அளப்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டியதுமில்லை. ஒலுவிலிலே 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அட்டாளைச்சேனையிலே தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பத்துப் பாடசாலையில் ராத்தாமார், பத்துப் பாடசாலையில் திரை, பத்துப் பாடசாலையில் இரண்டுமில்லை. ஓராண்டு கழித்து மூன்றாந் தரப் பிள்ளையின் கையில் ஒரு பந்தியையும் ஒரு கழித்தலையும் கொடுத்துப் பார்க்கலாம். மறு ஆண்டும் போய்ப் பார்க்கவேண்டும். தேய்ந்ததா நின்றதா என்பது அப்போதுதான் தெரியும்.

இம்மலரை வாசிக்கும் நண்பர்களில் விடுமுறைக்கு அந்தக் கரைக்குப் போவோர் பலர். போகும்போது உங்கள் பழைய பாடசாலையின் அதிபரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கணனி அறையின் திறப்பு எங்கே என்பது ஒன்று. ஐந்தாந் தரத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பந்தியை நிறுத்தாமல் வாசிக்க முடியும் என்பது மற்றது. முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு, பதாகையில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை அவர் சொல்லத் தொடங்குவாராயின், எழுந்து கடைசி வாங்குக்குச் செல்லுங்கள்.